திருகோணமலையில இருந்து கனடா போற பிள்ளை ஐஸ் ஹொக்கி விளையாடணும் எண்டா: பேப்பர், காசு, திகதி

உவர்மலை, உப்புவெளி, நிலாவெளி எண்டு எங்கட பக்கத்துல இருந்து குடும்பம் குடும்பமா கனடா போறாங்க. போய் இறங்கின முதல் பனிக்காலத்துலயே பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்து நானும் ஹொக்கி விளையாடப் போறன் எண்டு நிக்கும், ஏனெண்டா வகுப்புல பாதிப் பேர் அதைப் பத்தித்தான் கதைப்பாங்க. நாங்க ஸ்காபரோவுல மகனைச் சேர்க்க அலைஞ்ச நேரம் இதை முழுசா ஒரு இடத்துல தமிழ்ல சொல்லித் தர ஒருத்தரும் கிடைக்கல்ல, ஒவ்வொண்டையும் ஒவ்வொரு ஆளிட்டக் கேட்டு, பாதி பிழையான தகவலோட ஓடினதுதான். இப்ப லீவுக்கு ஊருக்கு வந்து நிக்கிறன், விசா வந்து கிளம்ப இருக்கிற ரெண்டு மூண்டு குடும்பம் இதையே கேக்குது, அதால எல்லாத்தையும் வரிசையா எழுதி வைக்கிறன்.

நான் எழுதுறது ஒன்ராரியோ, அதுலயும் ரொறன்ரோப் பக்கம். எங்கட சனம் கூட இருக்கிறது அங்கதான். வேற மாகாணத்துல லீக் பேர், கட்டணம் மாறும், ஆனா வழி கிட்டத்தட்ட இதேதான்.

ஒரு விசயத்தை முதல்லயே மனசுல வச்சிட்டு மிச்சத்தை வாசியுங்க: எங்கட பிள்ளையளைத் தடுக்கிறது திறமைக் குறைவு இல்ல, காசு கூட ரெண்டாவதுதான், முதல்ல தடுக்கிறது திகதி. எல்லாக் கதவும் வருஷத்துல ஒரு நேரம் திறந்து ஒரு நேரம் பூட்டும், அந்த நேரம் தெரியாதவங்க ஒரு வருஷத்தை இழக்குறாங்க. இந்த விளையாட்டுல ஒரு வருஷம் எண்டா பெரிய இழப்பு.

1. ஊர்லயே எடுத்து வைக்க வேண்டிய பேப்பர்கள்

பேர்த் சேர்ட்டிபிக்கட் கொப்பி ஒண்டுக்கு மேல எடுங்க. பிரதேச செயலகத்துல எடுக்கலாம், செலவு பெருசா இல்ல, கனடாவுல இருந்துகொண்டு ஆள் வச்சு எடுக்கிறதுதான் கரைச்சல். எங்கட சேர்ட்டிபிக்கட் தமிழ்ல இருக்கும், அதால சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்ட ஆங்கிலத்துக்கு மாத்தி, முத்திரையோட வாங்கி வையுங்க. வயசுப் பிரிவு முழுக்கப் பிறந்த வருஷத்தை வச்சுத்தான் நடக்கும், அதால ஹொக்கிச் சங்கம் முதல் கேக்குற பேப்பரே இதுதான்.

இதுல ஒரு பொறி இருக்கு, கவனமாப் பாருங்க. எங்கட பேர் முறையில அப்பாட பேர் முன்னுக்கு வரும், பிள்ளைட பேர் பின்னுக்கு வரும். பாஸ்போட்ல அது ஒரு மாதிரி விழும், மொழிபெயர்ப்பாளர் தன்ட பாட்டுக்கு இன்னொரு எழுத்துக்கூட்டல் போடுவார், பள்ளிக்கூடத்துல மூண்டாவது விதமாப் பதிவாங்க. ஒன்லைன் பதிவுல பேர் ஒரு எழுத்து மாறினாலும் அதே பிள்ளைக்கு ரெண்டு புறொஃபைல் உருவாகும், அதைச் சேர்க்க மாரடிக்கணும். மொழிபெயர்ப்பாளரிட்டப் போகேக்க பாஸ்போட் கொப்பியைக் கையில கொண்டு போங்க, இதுல இருக்கிற மாதிரியே எழுதுங்க ஐயா எண்டு சொல்லுங்க. பாஸ்போட் இன்னும் எடுக்கல்ல எண்டா முதல்ல எழுத்துக்கூட்டலை வீட்டுல இருந்து முடிவு பண்ணுங்க.

பிள்ளைக்கு வீசிங் இருந்தா கிளினிக் கொப்பியை விட்டிட்டுப் போகாதீங்க. றிங்க்குக்குள்ள, அதான் ஐஸ் ஆட்டத் தளத்துக்குள்ள, காத்து குளிரும் காய்ஞ்சும் இருக்கும், ஊர்ல சுகமா இருந்த பிள்ளைக்குக் கூட அங்க மூச்சு இழுக்கலாம். ரீம் மெடிக்கல் ஃபோம்ல அதை எழுதணும், பயிற்சியாளருக்கு பம்ப் எங்க இருக்கு எண்டு தெரிஞ்சிருக்கணும்.

பிள்ளை ஊர்ல 9ஆம் வகுப்போ அதுக்கு மேலயோ படிச்சிட்டுப் போகுது எண்டா, 9ல இருந்து எல்லா வருஷத் தேர்ச்சி அறிக்கையும், ஓ.எல். எழுதியிருந்தா அந்தப் பெறுபேறும், பாடசாலை விடுகைப் பத்திரமும் அதிபரிட்டக் கேட்டு வாங்குங்க. ஹொக்கிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேப்பீங்க, 9ஆம் படியில சொல்றன்.

2. ஊர்ல இருக்கிற மாதங்கள்ல கால் பழக்குறது

திருகோணமலையில ஐஸ் இல்ல, ஆனா வரிசைச் சில்லுப் பூட்டின இன்லைன் ஸ்கேட் இருக்கு. கொழும்புல இருந்து எடுப்பிக்கலாம், இல்லாட்டி வெளிநாட்டுல இருந்து வாறவங்களிட்டச் சொல்லலாம். நாலு சில்லு ரெண்டு ரெண்டாப் பூட்டினதை வாங்காதீங்க, ஒற்றை வரிசையில இருக்கிறதுதான் ஐஸ் கத்திக்குக் கிட்ட வரும். காலமை வெயில் ஏற முதல், வாகனம் வராத மட்டமான கொங்கிறீற் தரையில, ஹெல்மெட், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்பு எல்லாம் போட்டுப் பழக விடுங்க. முழங்காலை மடிச்சு, இருக்கையில பாதி இருக்கிற மாதிரி நிண்டு, ஒரு காலால பக்கவாட்டுல தள்ளுறது. இது ஒண்டு வந்தாலே ஐஸ்ல போய் நிக்கேக்க மாதக் கணக்கு மிச்சம். நிப்பாட்டுறது மட்டும் வேற, ஐஸ்ல கத்தியைப் பக்கமாத் திருப்பிச் சுரண்டி நிப்பாட்டணும், அதை அங்க போய்த்தான் பழகலாம்.

பள்ளிக்கூடத்துல புல்லு ஹொக்கி விளையாடின பிள்ளை எண்டா பந்துல கை ஏற்கனவே இருக்கும், நல்லது. ஆனா புல்லு ஹொக்கியில எல்லாருக்கும் ஒரே பக்கத்து ஸ்டிக்தான், வலது. ஐஸ் ஹொக்கியில இடது, வலது ரெண்டும் இருக்கு, அதோட வலக்கைக்காரப் பிள்ளையள் நிறையப் பேர் இடது ஸ்டிக்தான் பிடிக்கும், ஏனெண்டா பலமான கை மேல இருந்து ஸ்டிக்கை ஆட்சி பண்ணணும். கடையில உங்களிட்டக் கேட்டா வலக்கைதான் எண்டு பட்டெண்டு சொல்லிடாதீங்க. பிள்ளைட கையில ஒரு விளக்குமாத்தைக் குடுத்து நிலத்துல பந்தைத் தள்ளச் சொல்லுங்க, எந்தக் கை தானா மேல போகுது எண்டு பாருங்க. இடக்கை மேல, வலக்கை கீழ எண்டா வலது ஸ்டிக். வலக்கை மேல போனா இடது ஸ்டிக்.

இன்னுமொண்டு, ஆட்டம் பாருங்க. பனிக்காலத்துல ரொறன்ரோவுல பின்னேரம் 7 மணி ஆட்டம் எண்டா எங்களுக்கு அடுத்த நாள் காலமை 5:30. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட முதல் ஒரு பீரியட், அதாவது ஆட்டத்துல மூண்டுல ஒரு பகுதி, பாக்கலாம். ஒஃப்சைட், ஐசிங் எண்டா என்ன எண்டு தெரிஞ்சு போற பிள்ளை முதல் நாளே பயப்படாது.

3. கலண்டர்

இதைப் படம் எடுத்து வையுங்க.

சீசன் செப்டெம்பர், ஒக்டோபர்ல தொடங்கி மார்ச், ஏப்ரல்ல முடியும். ஆனா அந்த சீசனுக்கான பதிவு அதே வருஷம் வசந்த காலத்துலயே திறந்திடும், நல்ல சங்கங்கள்ல ஹவுஸ் லீக் (தெரிவு இல்லாம எல்லாப் பிள்ளையும் சேர்ந்து விளையாடுறது) இடம் கோடைக்குள்ளயே நிரம்பும். போட்டி அணிகளுக்கான தெரிவு, அதான் ட்ரைஅவுட், ஏப்ரல், மே மாதங்கள்ல நடக்கும். எங்கட ஆக்கள் பள்ளிக்கூடம் தொடங்க முதல் போவம் எண்டு ஓகஸ்ட்ல போய் இறங்குறாங்க, செப்டெம்பர்ல போய்க் கேட்டா இடமில்ல, வெயிட்டிங் லிஸ்ட். அதால கனடாவுல விலாசம் ஒண்டு உறுதியான உடனேயே, நீங்க திருகோணமலையில இருக்கும்போதே அந்தப் பகுதிச் சங்கத்துக்கு ஈமெயில் போடுங்க. புதுசா வாற குடும்பம், பிள்ளைட பிறந்த வருஷம் இது, இந்த மாதம் வந்து இறங்குறம், ஸ்கேட்டிங் இன்னும் பழகல்ல. இவ்வளவும் போதும். நாங்க கண்ட வரைக்கும் சங்கங்கள்ல தொண்டுக்கு வேலை செய்யுற அம்மா அப்பாமார்தான் இருக்கிறாங்க, முன்கூட்டிச் சொன்னா உதவத்தான் பாப்பாங்க.

வயசுப் பிரிவு யூ7, யூ8, யூ9 எண்டு யூ18 வரை போகும், யூ எண்டா அண்டர், அந்த வயசுக்குக் கீழ. கணக்கு டிசம்பர் 31. மார்கழியில பிறந்த பிள்ளை தன்னை விடப் பதினொரு மாதம் மூத்த தைப் பிள்ளையோட ஒரே பிரிவுல நிக்கும், சின்ன வயசுல அந்த வித்தியாசம் உடம்புல நல்லாத் தெரியும். அதை வச்சுப் பிள்ளைக்கு வராது எண்டு முடிவு எடுக்காதீங்க.

4. முதல்ல ஸ்கேட்டிங், பிறகுதான் ஹொக்கி

ஸ்கேட்டிங் வராத பிள்ளையை நேர ஹொக்கி அணியில போட்டா அது ஒரு சீசன் முழுக்க விழுந்து எழும்புறதுலயே போகும், ஆசையும் போயிடும். ரொறன்ரோ மாநகரசபையின் திறந்தவெளி றிங்க்குகள்ல நவம்பர் கடைசியில இருந்து மார்ச் வரை சும்மா ஸ்கேட் பண்ணக் காசே இல்ல. ஸ்கேட்டும் ஹெல்மெட்டும் இருந்தாப் போதும். சபையின் பழகுற வகுப்புகளுக்கு ஒன்லைன் பதிவு காலமை திறந்து சில நிமிஷத்துல நிரம்பிடும், முதல் நாளே எக்கவுண்ட் திறந்து, பிள்ளைட விபரம் போட்டு, வகுப்பு நம்பரைக் குறிச்சு வச்சிட்டு நேரத்துக்கு முதல் ஸ்கிறீனுக்கு முன்னால இருங்க.

பிள்ளைக்கு 6 இல இருந்து 10 வயசு, முன்ன எப்பவும் ஹொக்கியில பதியல்ல எண்டா ஃபேர்ஸ்ட் ஷிஃப்ட் எண்டொரு திட்டம் இருக்கு, என்.எச்.எல். எண்ட பெரிய புரோ (தொழில்முறை) லீக்கும் அதுட வீரர் சங்கமும் சேர்ந்து நடத்துறது. 200 டொலருக்குச் சொச்சம் மேலதான் கட்டணம், அதுக்குத் தலையில இருந்து கால் வரை புதுச் சாமான் தருவாங்க, ஐஸ்ல சில வாரப் பயிற்சியும் இருக்கும், சாமான் உங்களுக்கே சொந்தம். கடையில அந்தச் சாமானுக்கு மட்டும் இதைப் போல ரெண்டு மூண்டு மடங்கு போகும். ஒரு பிள்ளைக்கு ஒருக்காத்தான், அதால வேற எதுலயும் பதிய முதல் இதைக் கேளுங்க. முதல்ல ஹவுஸ் லீக்ல போட்டிட்டுப் பிறகு இதைத் தேடிப் போனா தகுதி இல்ல எண்டிடுவாங்க.

12, 13 வயசுல போற பிள்ளை? ஹவுஸ் லீக்ல சந்தோசமா விளையாடலாம், சேர்த்து விடுங்க. புரோ ஆகுறது அந்த வயசுத் தொடக்கத்துல மிச்சம் கஷ்டம், மறைக்காமச் சொல்றன். எட் ஜொவனொவ்ஸ்கி எண்டவர் குடியேறின குடும்பத்துப் பிள்ளை, 11 வயசுலதான் ஹொக்கி தொடங்கினவர், 1994 டிராஃப்ட்ல, அதான் என்.எச்.எல். அணிகள் புது வீரரைத் தெரிவு செய்யுற நாள்ல, முதலாவதாத் தெரிவானவர். ஆனா அவரைப் போல ஆக்களை விரல் விட்டு எண்ணலாம்.

5. சாமான்

லிஸ்ட் இதுதான்: முகக் கம்பி பூட்டின ஹெல்மெட், மவுத்கார்ட், கழுத்துக் காப்பு, தோள் காப்பு, முழங்கை காப்பு, கையுறை, பஞ்சு வச்ச ஹொக்கிக் காற்சட்டை, கவட்டுக் காப்பு, முழந்தாள் காப்பு, நீள மேஸ், ஸ்கேட், ஸ்டிக், பை. கழுத்துக் காப்பை இது எதுக்கு எண்டு விட்டிடாதீங்க, சிறுவர் ஹொக்கியில அது கட்டாயம். 2023 ஒக்டோபர்ல இங்கிலாந்துல ஆட்டம் நடக்கேக்க அடம் ஜோன்சன் எண்ட வீரர் கழுத்துல ஸ்கேட் கத்தி வெட்டி இறந்து போனார். அவர் வளர்ந்த புரோ ஆள்.

ஹெல்மெட்டைப் புதுசா வாங்குங்க, சி.எஸ்.ஏ. எண்ட கனடாத் தரச் சான்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோணும், அது இல்லாட்டி ஐஸ்ல விடமாட்டாங்க. வெடிப்பு இருந்தாலும், பெயின்ற் அடிச்சிருந்தாலும் வேண்டாம். மிச்சத்துல பெரும்பாலானதைப் பழசா வாங்கலாம். பிளே இற் அகெய்ன் மாதிரிப் பழைய விளையாட்டுச் சாமான் கடையள் இருக்கு, சங்கங்கள் இலையுதிர் காலத்துல சாமான் மாத்துற நாள் வைக்கும். பிள்ளையள் வளருற வேகத்துல ஒரு சீசன் போட்டதை விப்பாங்க, நல்ல நிலைமையில இருக்கும்.

ஸ்கேட்தான் எல்லாத்துலயும் முக்கியம், இதுலதான் எங்கட பழக்கம் எங்களைக் கெடுக்குது. பள்ளிக்கூடச் சப்பாத்தை அடுத்த வருஷமும் போடட்டும் எண்டு ஒரு சைஸ் கூட வாங்குவம் இல்லையா, ஸ்கேட்ல அதைச் செஞ்சா பிள்ளைட கணுக்கால் உள்பக்கமா மடியும், எவ்வளவு பழகினாலும் நேரா நிக்க வராது, பழி பிள்ளை மேலதான் விழும். ஹொக்கி ஸ்கேட் சாதாரணச் சப்பாத்து சைஸை விட ஒண்டு, ஒண்டரை சைஸ் குறைவாத்தான் வரும். கால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாத் தொடணும், குதி பின்னால இறுகி நிக்கணும். குளிருக்கு எண்டு ரெண்டு கம்பளி மேஸ் போட்டு விடாதீங்க, ஒரு மெல்லிய மேஸ் போதும், தடிச்ச மேஸ்ல வேர்த்து ஈரமாகி இன்னும் குளிரும்.

புது ஸ்கேட் கத்தி கூர் இல்லாமத்தான் வரும், கடையிலயே தீட்டிக் கேளுங்க, பிறகு தேவைக்கு ஒருக்காத் தீட்ட 10 டொலர் அளவு. கூரா எண்டு பாக்க உங்கட நகத்தைக் கத்தி விளிம்புக்குக் குறுக்கால மெதுவா இழுங்க, வெள்ளையாப் பொடி சுரண்டுப்பட்டா சரி, வழுக்கிட்டுப் போனாத் தீட்டணும். கத்திக்கு ரெண்டு விளிம்பு, ரெண்டையும் பாருங்க. ஐஸால இறங்கின உடனே கத்தியைத் துணியால துடைச்சு, கீழ பூட்டியிருக்கிற இரும்புக்கு இடையில நிக்கிற தண்ணியையும் எடுங்க. பிளாஸ்டிக் கவரைப் போட்டபடியே பையில வச்சா உள்ளுக்க ஈரம் நிண்டு துருப்பிடிக்கும். அந்தக் கவர் நடக்க மட்டும்தான்.

லேஸ் கட்டுறதையும் பழகுங்க. விரல் பக்கம் தளர்வா, நடுவுல ஓரளவு, கணுக்கால் மடியுற இடத்துல இறுக்கி, மேல ரெண்டு கண்ணில பிள்ளை முழங்காலை முன்னுக்கு மடிக்க இடம் விட்டுக் கட்டணும். பிள்ளை கால் விறைக்குது எண்டு அழுதா பெரும்பாலும் குளிர் இல்ல, பாதத்துல லேஸ் கூட இறுகியிருக்கு.

கோலி, அதான் கோல் காக்கிற ஆள், ஆகணும் எண்டு நிண்டா அவசரப்பட்டு வாங்காதீங்க, கோலிச் சாமான் மிச்சம் விலை. சின்னப் பிரிவுகளுக்குப் பல சங்கங்கள் இரவல் குடுக்கும்.

6. பதிவு

ஹொக்கி கனடாவின் ஒன்லைன் பதிவுல பெற்றோர் எக்கவுண்ட் திறந்து, பிள்ளையைச் சேர்த்து, சங்கத்தைத் தெரிவு செய்யணும். கேக்குற பேப்பர்: பேர்த் சேர்ட்டிபிக்கட், பி.ஆர். (நிரந்தர வதிவிட) கார்ட் அல்லது கனடாவுல வந்து இறங்கேக்க தாற லேண்டிங் பேப்பர், விலாச அத்தாட்சி. விலாசத்துக்கு வீட்டு லீஸ், கரண்ட் பில், பாங்க் கடிதம் ஏதாவது. சொந்தக்காரர் வீட்டுல தங்கியிருந்து உங்கட பேர்ல ஒரு பில்லும் இல்ல எண்டா பாங்க் கடிதம்தான் லேசு, எக்கவுண்ட் திறக்கேக்கயே கேட்டு வாங்குங்க. நீங்க இருக்கிற விலாசத்தை வச்சு எந்தச் சங்கம் எண்டு தீர்மானிக்கிற இடங்களும் இருக்கு, அதால வீடு மாறப் போறீங்க எண்டா புது விலாசம் வந்த பிறகு பதியலாமா எண்டு கேளுங்க.

ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட் எண்டு ஒரு ஒன்லைன் பாடம், பெற்றோர்ல ஒருத்தர் முடிக்கணும். அதோட ரோவன் சட்டம் எண்டு ஒன்ராரியோவுல ஒண்டு இருக்கு, தலையில அடிபட்டா என்ன செய்யணும் எண்டு வாசிச்சு வருஷா வருஷம் ஒப்பம் வைக்கணும். கிளிக் பண்ணிட்டுப் போகாம வாசியுங்க. பிள்ளை விழுந்து தலை சுத்துது, வெளிச்சம் கண்ணைக் குத்துது எண்டா அண்டைக்கு ஆட்டம் முடிஞ்சுது, டொக்டர் சொல்லாமத் திரும்ப ஐஸ்ல ஏறக் கூடாது.

யூ13 வரைக்கும் உடம்பால மோதி விழுத்துறதுக்குக் கனடா முழுக்கத் தடை, 2013ல இருந்து. அதுக்கு மேல போட்டி அணிகள்லதான் வரும். ஹவுஸ் லீக்ல மோதல் இல்ல, அம்மாமார் பயப்பட வேண்டாம்.

7. எவ்வளவு முடியும்

ஹவுஸ் லீக் ஒரு சீசனுக்கு ஏறக்குறைய 600இல இருந்து 1,000 டொலர், சங்கத்துக்குச் சங்கம் மாறும். ஒரு டொலர் எங்கட காசுல 200 ரூபாய்க்கு மேல, ஊர்க் கணக்குப் போட்டா நெஞ்சு அடைக்கும், ஆனா அங்க உழைக்கிற காசுலதான் கட்டப் போறீங்க. பழைய சாமானோட முதல் வருஷத்தை 1,000 டொலருக்குக் கிட்ட முடிக்கலாம். பல சங்கங்கள் தவணையிலயும் எடுக்கும், கேட்டாத்தான் சொல்வாங்க.

உதவி கேக்க வெக்கப்படாதீங்க, அது இதுக்கெண்டே ஒதுக்கின காசு. கனேடியன் ரயரின் ஜம்ப்ஸ்ரார்ட், கிட்ஸ்போர்ட், ஹொக்கி கனடா அறக்கட்டளையின் அசிஸ்ற் நிதி, மூண்டுக்கும் விண்ணப்பிக்கலாம், அசிஸ்ற் நிதியில 500 டொலர் வரை கிடைக்கும். வருமான அத்தாட்சி கேப்பாங்க. புதுசா வந்தவங்களிட்ட வரிப் பேப்பர் இருக்காது, அதுக்குப் பதிலா என்ன குடுக்கலாம் எண்டு முதல்லயே கேட்டு வையுங்க. காசு கட்ட முதல் விண்ணப்பிக்கணும், கட்டின பிறகு திருப்பித் தாறது அருமை.

8. போட்டி அணி

ஹவுஸ் லீக்குக்கு மேல சிலெக்ட், பிறகு ஏ, டபிள் ஏ, ட்ரிபிள் ஏ. ரொறன்ரோவுல இதை நடத்துற ஜி.ரி.எச்.எல். 1911ல தொடங்கினது. புரோ ஆனவங்கள்ல பெரும்பாலானவங்க ட்ரிபிள் ஏ வழியாத்தான் வந்தாங்க, செலவும் அங்கதான் ஏறும், பயணம், ஹொட்டேல், தனிப் பயிற்சி எல்லாம் சேர்த்து வருஷம் 10,000 டொலரைத் தாண்டும். ரெண்டு பிள்ளை இருக்கிற வீட்டுல மற்றப் பிள்ளைட சனி ஞாயிறும் இதுலயே போகும், அதையும் யோசியுங்க.

இங்கதான் ஏமாத்துற ஆக்களும் வருவாங்க. எங்களிட்டயும் ஒரு பயிற்சி நிலையத்துல இருந்து வந்து, பிள்ளை கட்டாயம் மேல போவான், கோடைக்கு முழுக் காசையும் முன்கூட்டிக் கட்டுங்க எண்டு நிண்டாங்க. 10 வயசுப் பிள்ளை புரோ ஆகும் எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. அப்பிடிச் சொல்லிக் காசு கேட்டா எழும்பி வாங்க. கோடையில பிள்ளை நீந்தட்டும், உதைபந்து அடிக்கட்டும், ஊருக்கு வந்தா டச்சுக் குடாவுல ஓடட்டும், ஒரே தசையை வருஷம் முழுக்க வேலை வாங்குறதை விட அது நல்லம்.

பொம்பிளப் பிள்ளைக்கும் இதே வழிதான், ஆம்பிளப் பிள்ளையளோடயும் விளையாடலாம், இல்லாட்டி ஒன்ராரியோவுல பெண்களுக்கெண்டே தனிச் சங்கம் இருக்கு. 2024 தையில பி.டபிள்யூ.எச்.எல். எண்ட புரோ லீக் ஆறு அணியோட தொடங்கி இப்ப சியாற்றில், வான்கூவரும் சேர்ந்திட்டுது. முதல் சீசன்ல ஆகக் குறைஞ்ச சம்பளம் 35,000 அமெரிக்க டொலர். பெரிய காசு இல்ல, ஆனா அமெரிக்கப் பல்கலைக்கழகப் புலமைப் பரிசில் பெண்களுக்கும் இருக்கு, மகள் இருக்கிறவங்க அதைக் கணக்குல எடுங்க.

9. 15 வயசுல இருந்து 18 வரை

ஒன்ராரியோவுல 16 வயசாகுற வருஷம் ஓ.எச்.எல். எண்ட பெரிய ஜூனியர் லீக்குக்கான தெரிவு வரும். 2010ல பிறந்தவங்களுக்கு அது 2026. தெரிவானா 16, 17 வயசுலயே வேற ஊருக்குப் போய் ஒரு குடும்பத்தோட தங்கி, அங்கயே பள்ளிக்கூடமும் படிச்சு விளையாடணும். கைச்செலவுக்குக் கொஞ்சக் காசு கிடைக்கும், அதோட விளையாடுற ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருஷப் பல்கலைக்கழகப் படிப்புச் செலவு எண்டு உடன்படிக்கையில இருக்கும்.

மற்ற வழி அமெரிக்கக் கல்லூரி ஹொக்கி, அந்த விளையாட்டுகளை நடத்துற அமைப்பு என்.சி.ஏ.ஏ. முந்தி ஓ.எச்.எல்.ல ஒரு ஆட்டம் ஆடினாலே கல்லூரி ஹொக்கிக் கதவு பூட்டும் எண்டிருந்தது, அந்த விதி மாறி 2025 ஓகஸ்ட் 1ல இருந்து அவங்களும் கல்லூரியில விளையாடலாம். பழைய கதையைச் சொல்லிப் பயப்படுத்துற ஆக்கள் இன்னும் இருக்கிறாங்க, அதை நம்பி ஒரு வழியை விட்டிடாதீங்க.

இப்ப 1ஆம் படியில சொன்ன தேர்ச்சி அறிக்கை. என்.சி.ஏ.ஏ. முதற் பிரிவுல விளையாட 16 முக்கிய பாடம் முடிச்சிருக்கணும், கணக்கு 9ஆம் வகுப்புல இருந்து தொடங்கும். பிள்ளை 9ம் 10ம் திருகோணமலையில படிச்சிருந்தா அந்த ரெண்டு வருஷ அறிக்கையும் ஆங்கில மொழிபெயர்ப்போட வேணும். நாலஞ்சு வருஷம் கழிச்சு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி, மாறிப் போன அதிபரிட்டப் பழைய பதிவைத் தேடச் சொல்றது எவ்வளவு பாடு எண்டு யோசிச்சுப் பாருங்க. போக முதல் ஒரு நாள் செலவழிச்சு வாங்கிடுங்க.

10. டிராஃப்ட், கொன்ராக்ட், அந்த வாழ்க்கை

என்.எச்.எல். டிராஃப்ட்டுக்கு அந்த வருஷம் செப்டெம்பர் 15க்குள்ள 18 முடியணும். 7 சுற்று, 32 அணி, மொத்தம் 224 பேர், உலகம் முழுக்க இருந்து. தெரிவாகாட்டி முடிஞ்சுது எண்டு இல்ல. அர்ஷ்தீப் பெயின்ஸ், பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை, ஒருத்தரும் டிராஃப்ட்ல எடுக்கல்ல, 2021-22ல மேற்கு ஜூனியர் லீக்ல ஆகக் கூடின புள்ளி எடுத்த அந்த சீசன்லயே வான்கூவர் கனக்ஸ் கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டது. தெற்காசியப் பிள்ளையளுக்கு அந்தக் கதவை 1989லயே ரொபின் பாவா திறந்திட்டார், வொஷிங்ரன் அணியில.

சம்பளம் கேட்டா தலை சுத்தும்: 2025-26ல என்.எச்.எல். ஆகக் குறைஞ்ச சம்பளம் 775,000 அமெரிக்க டொலர், 2026-27ல 850,000. ஆனா முதல் கொன்ராக்ட் பெரும்பாலும் டூ-வே, அதாவது என்.எச்.எல்.ல நிக்கிற நாளுக்கு ஒரு சம்பளம், கீழ ஏ.எச்.எல். எண்ட ரெண்டாம் படி லீக்குக்கு அனுப்பினா அதுல பத்துல ஒரு பங்கு அளவு. புதுப் பிள்ளையள் கூட நாள் கீழதான் நிப்பாங்க. வாறதுல இருந்து வரி, ஏஜென்ற் பங்கு, லீக் வருமானக் கணக்குச் சரி வர மட்டும் பிடிச்சு வைக்கிற எஸ்குரோ எல்லாம் போகும். ஏஜென்ற் வீரர் சங்கத்துல பதிஞ்சவரா எண்டு பாருங்க. கொன்ராக்ட் வர முதலே கட்டணம் கேக்குறவர் வேண்டாம்.

வாழ்க்கை எண்டு பார்த்தா செப்டெம்பர்ல பயிற்சி முகாம், ஏப்ரல் வரை 82 ஆட்டம், 2026-27ல இருந்து 84, பிளேஓஃப் போனா ஜூன் வரை. ஒரு ஃபோன் கோல்ல வேற நகரத்துக்கு மாத்துவாங்க, அடுத்த நாள் அங்க நிக்கணும். எங்கட பிள்ளைக்குத் தைப்பொங்கலும் திருவிழாவும் சீசனுக்குள்ளதான் வரும், வீட்டுக்கு வரச் சொல்லி அழுத்தாதீங்க.

கடைசியா ஒண்டு, ஓ.எச்.எல். படிப்புக் காசு. அது சும்மா காத்திட்டு இருக்காது, ஜூனியர் முடிச்சுக் குறிப்பிட்ட காலத்துக்குள்ள படிக்கத் தொடங்கணும் எண்டு நிபந்தனை வரும், புரோ கொன்ராக்ட்ல ஒப்பம் வச்சா அதுல மாற்றமும் வரலாம். பிள்ளை எந்தப் பேப்பர்லயும் கை வைக்க முதல் அணி நிர்வாகத்திட்ட ரெண்டு கேள்வியை ஈமெயில்ல கேளுங்க: எந்தத் திகதியோட இந்தக் காசு இல்லாமப் போகும், எந்தக் கொன்ராக்ட்டால இல்லாமப் போகும். பதிலை எழுத்துல வாங்கி, பேர்த் சேர்ட்டிபிக்கட் இருக்கிற அதே ஃபைல்ல போட்டு வையுங்க.